வீட்டு முகப்பை அழகாக்கப் போறீங்களா? மொத்த இடத்துக்கும் சிமெண்ட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பொங்கலுக்குள் பெயிண்ட் அடிக்கணும், கிரகப்பிரவேசத்துக்கு வாசலைச் சரி பண்ணணும், வீட்டை விற்கணும்... காரணம் எதுவாக இருந்தாலும், முகப்பை அழகாக்க பலரும் முதலில் செய்வது ஒரே வேலையைத்தான். கேட்டில் இருந்து வாசற்படி வரை இருக்கும் மண்ணை மூடி, சிமெண்டோ டைல்ஸோ போட்டுவிடுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஏப்ரலில் அந்தத் தரை அனல் அடிக்கும். நவம்பரில் அதே தரையில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

வீட்டுக்கு முன்னால் இருக்கும் இடத்துக்கு 'முன்றில்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. 'இல்முன்' என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆனது என்று பள்ளியில் இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். செடியும், நிழலும், கோலம் போட இடமும் இருந்த அந்த முன்றிலை அரை கிரவுண்ட் வீட்டிலும் கொண்டு வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

எந்த வேலையை முதலில் செய்யணும்?

வரிசை ரொம்ப முக்கியம்: ரிப்பேர், தண்ணீர் வடிகால், பெயிண்ட், செடி, விளக்கு.

ஓதம் இருக்கும் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் ஒரே மழையில் பொரிந்து உரிந்துவிடும். செடியை முதலில் வைத்துவிட்டு பெயிண்டரைக் கூப்பிட்டால், சாரம் கட்டும்போது பாதிச் செடி மிதிபட்டுப் போகும். அதனால் சுவர் விரிசல், ஒழுகும் பைப், துருப்பிடித்த கேட் ஆகியவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

தரையை முழுசா மூடினால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். உங்கள் வீட்டு முன்பக்கம் 200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் சுமார் 1,850 லிட்டர் தண்ணீர் விழும். மண்ணாக இருந்தால் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும். சிமெண்டாக இருந்தால் அத்தனையும் தெருவுக்குப் போகும். தெரு உயரமாக இருந்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும்.

சாலையை மேல மேல போட்டே பல வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் சாலை போடும்போது இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்போ தரைக்கு என்ன பண்ணலாம்?

- வண்டி ஏறும் இரண்டு தடத்துக்கும், நடக்கும் பாதைக்கும் மட்டும் கல் பதியுங்கள். மீதியை மண்ணாக விடுங்கள்.
- பேவர் பிளாக் போடுவதாக இருந்தால் மணல், ஜல்லி மேல் பதிக்கச் சொல்லுங்கள். கீழே கான்கிரீட் போட்டு, இடுக்கில் சிமெண்ட் பூசிவிட்டால் அதுவும் சிமெண்ட் தரைதான்.
- தரைச் சரிவு சுவரில் இருந்து வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. இறக்கம் போதும்.
- வாசற்படியில் வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மழை நாளில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். சொரசொரப்பான கல்லையோ டைல்ஸையோ தேர்ந்தெடுங்கள்.
- ராம்ப் உங்கள் கேட்டுக்குள்ளேயே முடியட்டும். தெருவிலோ மழைநீர் வடிகால் மேலோ கட்டினால் அது ஆக்கிரமிப்பு. உள்ளாட்சி அமைப்பு இடித்தால் செலவு உங்களுக்குத்தான்.

மழைநீர் சேகரிப்பு, முகப்பு அழகுக்குள் எப்படி வரும்?

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் அந்தக் குழி டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. முகப்பு வேலையைத் தொடங்கும்போது அதைத் தேடிக் கண்டுபிடித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தூர்வாருங்கள்.

குழியே இல்லை என்றால் 3 அடி அகலம், 4 முதல் 5 அடி ஆழத்தில் ஒன்று தோண்டி, உடைத்த செங்கல், கூழாங்கல், மேலே மணல் என்று நிரப்பி மாடிக் குழாயை அதில் விடலாம். களிமண் பகுதி என்றால் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். குழியின் மேல் கூழாங்கல் பரப்பி, ஓரமாக நாலு செடி வைத்தால் அதுவே ஒரு குட்டித் தோட்டம் மாதிரி ஆகிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீங்க: கழிவுநீர்க் குழாயை இதில் இணைக்கவே கூடாது.

பெயிண்ட்: எந்த நிறம், எப்போது?

நம்ம ஊர் வெயிலுக்கு வெளிர் நிறங்கள்தான் நல்லது. அடர் நிறம் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சும், குறிப்பாக மாலை வெயில் விழும் மேற்குச் சுவரில். அடர் நிறம் பிடிக்கும் என்றால் கதவு, ஜன்னல் கிரில், கேட் ஆகியவற்றில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 4 வாரமாவது காய விடுங்கள். பழைய சுவர் என்றால் பாசியைத் தேய்த்துக் கழுவி, காய வைத்து, விரிசலுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன் பிறகு வெளிச்சுவருக்கான பெயிண்டை இரண்டு கோட் அடிக்க வேண்டும். கேட்டுக்கு உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகே எனாமல்.

மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இந்த வேலைக்கு வசதியானவை.

எந்தச் செடி வைக்கலாம்?

நர்சரியில் பார்க்க அழகாக இருப்பதை எல்லாம் வாங்கி வந்து, மே மாதத்தில் காய விடுவதுதான் பலருடைய அனுபவம். அதனால் வெயிலைத் தாங்கும் நம்ம ஊர்ச் செடிகளை முதலில் பாருங்கள்.

- பூச்செடிகள்: செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ. மூன்றும் கவாத்து செய்யச் செய்யப் புதர் போல அடர்த்தியாக வரும்.
- கொடிகள்: கேட் வளைவுக்கு முல்லை அல்லது சங்குப்பூ. நல்ல வெயில் அடிக்கும் இடமாக இருந்தால் காகிதப்பூ.
- சின்ன மரங்கள்: பவழமல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை.
- இடம் தாராளமாக இருந்தால்: சுவரில் இருந்து 10 முதல் 15 அடி தள்ளி வேம்பு அல்லது புங்கம்.

தவிர்க்க வேண்டியவையும் இருக்கு. ஆல், அரசு போன்றவற்றின் வேர் சுவரையும் செப்டிக் டேங்கையும் பிளந்துவிடும். அழகுக்காக வரிசையாக வைக்கப்பட்ட கோனோகார்பஸை 2023-ல் குஜராத் தடை செய்தது; தமிழக அரசும் 2025 தொடக்கத்தில் அதை நடத் தடை விதித்தது. அரளியின் எல்லாப் பாகமும் விஷம் என்பதால், சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் எதையும் நடாதீர்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேர் பரவ இடம் இல்லாத மரம் காற்றில் விழும் அபாயம் அதிகம். அதனால் ஏற்கெனவே இருக்கும் மரத்தைச் சுற்றி அடிவரை சிமெண்ட் பூசிவிடாதீர்கள்.

செடி நட நல்ல நேரம் மழை தொடங்கும் செப்டம்பர், அக்டோபர். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

விளக்கு போடும்போது கவனம்!

வாசலுக்கு மஞ்சள் கலந்த எல்.இ.டி. ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று போதும். மழையில் நனையும் இடத்துக்கு ஐபி65 குறியீடு உள்ள விளக்கை வாங்குங்கள். இரும்பு கேட்டில் சீரியல் லைட் சுற்றுவது ஆபத்து. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

கையில் பணம் கம்மியா? வாடகை வீடா?

கேட்டுக்கு மட்டும் பெயிண்ட், தெளிவாகத் தெரியும் கதவு எண் பலகை, தொங்கும் கேபிள்களைச் சேர்த்துக் கட்டுவது, செருப்புக்கு ஒரு ஸ்டாண்டு, வாசலுக்கு இருபுறமும் இரண்டு தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். வீடு மாறும்போது தொட்டியைக் கையோடு எடுத்தும் போகலாம்.

வாசலுக்கு நேரே கோலம் போட நாலடி இடம், ஓரமாக ஒரு கை மண். முகப்பு வேலைக்கு மேஸ்திரியிடம் பேசும்போது இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிமெண்ட் கொட்டிய பிறகு மண்ணைத் திரும்பக் கொண்டுவர, மறுபடியும் உடைக்கத்தான் ஆள் கூப்பிடணும்.