இணையவழிப் படிப்பில் சேரும் முன்

2003-ல் அப்போதிருந்த 7 ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.ஈ.எல். திட்டத்தைத் தொடங்கின. நல்ல பேராசிரியர்கள் கிடைக்காத பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் அவர்கள் பாடம் எட்ட வேண்டும் என்பதே நோக்கம். அன்று பல வீடுகளில் இணைய வசதி இல்லை. அதனால் பாடங்கள் ஏகலவ்யா தொலைக்காட்சியிலும் வந்தன. பார்த்துப் படிக்கலாம், சான்றிதழ் கிடையாது.

2014-ல் சான்றிதழ் படிப்புகள் வந்தன. படிக்கக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. வாராவாரம் அசைன்மென்ட்டுக்குக் கெடு இருக்கும். கடைசித் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். பொதுவாக அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண்.

ஆகவே நண்பர்களே, பெயர் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அதற்கான அடிப்படைப் பாடம் தெரியுமா? வாரம் சில மணி நேரம் ஒதுக்க முடியுமா? அந்தத் தேர்வு நாளில் கல்லூரித் தேர்வு வருகிறதா? வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கெடு தாண்டினால் மதிப்பெண் போய்விடும்.