பாசி தின்னும் மீன்கள்: முரட்டு மீன்களின் தொட்டிக்கு எது பொருந்தும்?

பாசி தின்னும் மீன்கள் என்று வண்ணமீன் கடைகளில் விற்கப்படுபவை ஒரே குடும்பத்து மீன்கள் அல்ல. தென்னமெரிக்கக் கெளுத்தி வகைகளும், தாய்லாந்து, மலேசியா பக்கத்துக் கெண்டை வகைகளும், நம் மலையோடைகளில் வாழும் கர்ராவும் இந்தப் பெயருக்குள் வந்துவிடுகின்றன. இவற்றுக்குப் பொதுவானது வாய்தான். முகத்தின் அடிப்பக்கம் அமைந்த அந்த வாயால் கல்லிலும் கட்டையிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளரும் பாசியைச் சுரண்டித் தின்னும். டைகர் பார்ப், புளூ கௌராமி, ஜூவல் சிக்லிட் போல அடக்கமும் இல்லாமல் கொலைவெறியும் இல்லாமல் இருக்கும் மீன்களின் தொட்டியில் இவற்றில் எதை விடலாம் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கீழ்ப்படிகளுக்கு இறங்குபவர்கள் கால்விரலை அழுந்த ஊன்றித்தான் இறங்குவார்கள். கல்லில் படிந்த பச்சை வழுக்கல் அப்படி. வீட்டுத் தொட்டியின் கண்ணாடியிலும் அதே சங்கதிதான் நடக்கிறது. ஜன்னல் வெயில் நேராக விழுந்து, மிஞ்சிய தீனியும் மீன்களின் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்ந்தால் பாசி பிடிக்கும். எந்த மீனும் இந்தக் காரணங்களை நீக்காது. தண்ணீரே பச்சையாகிவிட்டால் இந்த மீன்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது நீரில் மிதக்கும் நுண்பாசி. கூழ்போல் படரும் நீலப்பச்சைப் பாசியையும் இவை பெரும்பாலும் தொடுவதில்லை. தீனியைக் குறைத்து, வாரம் ஒருமுறை நீரில் ஒரு பங்கை மாற்றி, விளக்கு எரியும் நேரத்தையும் சுருக்கிய பிறகுதான் மீனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கடையில் முதலில் கையில் கொடுக்கப்படுவது ‘டேங்க் கிளீனர்’. உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்திய இந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி, விற்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். டெரிகோப்லிக்திஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இது 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். முரட்டு மீன்களைத் தாங்கும் வலு இதற்கு உண்டு என்பது உண்மை. ஆனால் இரண்டடி, மூன்றடித் தொட்டியில் இதை விடுவது மீனுக்கும் கொடுமை, தொட்டிக்கும் கேடு. வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து மற்ற மீன்களின் தீனியைத் தேடும். அது போடும் கழிவே புதுப் பாசிக்கு உரமாகும்.

இதற்கு நேர்மாறானது ஓட்டோசின்க்ளஸ். நான்கைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாதுவான மீன், பாசி மேய்வதில் கெட்டிக்காரன். ஆனாலும் முரட்டுத் தொட்டிக்கு ஆகாது. சிக்லிட் அதை விழுங்கப் பார்க்கும். துடுப்பு முள் தொண்டையில் குத்தி நின்று இரண்டுமே சாவதுண்டு.

நடுத்தர அளவில் ஒன்றுபோலவே தோன்றும் மூன்று மீன்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய மீனைத் தொட்டிக்குப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். சயாமீஸ் ஆல்கே ஈட்டரின் கருங்கோடு ஓரம் சற்றுப் பிசிறோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடும். ஃப்ளையிங் ஃபாக்ஸின் கோடு வெட்டியது போல நேராக இருக்கும். அதன்மேல் பொன்னிறக் கோடு ஒன்று தெரியும். சைனீஸ் ஆல்கே ஈட்டருக்கு வாயே உறிஞ்சு வட்டம். கண்ணாடியில் ஒட்டியபடியே மூச்சுவிட, செவுள் மூடிக்கு மேல்புறம் தனித் துவாரம் வைத்திருக்கும் விந்தை மீன் அது. வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டு, தட்டையான மீன்களின் விலாவில் ஒட்டி அவற்றின் வழவழப்புப் படலத்தைச் சுரண்டும். கௌராமி இருக்கும் தொட்டியில் இதைச் சேர்க்கவே கூடாது. முரட்டு பார்ப்களோடு ஓடிப் பிடித்துப் பிழைக்கவும், மற்ற மீன்கள் தொடாத கருந்தாடிப் பாசியைத் தின்னவும் வல்லது சயாமீஸ்தான்.

கண்ணாடியைச் சுத்தமாக வைக்கப் பிரிஸ்டில்நோஸ் கெளுத்தி நல்ல தேர்வு. பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும். தகடு போர்த்திய உடலை டைகர் பார்ப் கடித்தும் பயனில்லை. ஆண் மீனின் மூக்கில் கிளைவிட்ட தசைமுளைகள் இருக்கும். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் பொந்துக்காகச் சண்டை போடும்; ஆகவே ஒன்று போதும். இரவில் மேயும் மீன் என்பதால் விளக்கை அணைத்தபின் வெள்ளரித் துண்டு ஒன்றைப் போட வேண்டும். பாசியே போதும் என்று நம்பி இதைப் பட்டினி போட்டுக் கொன்றவர்கள் பலர்.

திருச்சிக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது வேறொரு சங்கடம். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அப்போது காற்று மோட்டார் நின்றால் முதலில் தவிப்பது ஓடும் நீருக்குப் பழகிய மீன்கள். கர்ராவும் அந்த வகைதான். 1839இல் சைக்ஸ் என்பவர் பெயரிட்ட கர்ரா முல்லியா தீபகற்ப இந்தியாவில் பரவலாக உள்ளது. காவிரியின் துணையாறான பவானியிலும் பவானியில் சேரும் மோயாற்றிலும் இந்தப் பேரினத்து மீன்கள் வாழ்கின்றன. கீழுதட்டுக்குப் பின்னால் உள்ள வட்டத் தகட்டால் பாறையைப் பற்றி, வெள்ளத்திலும் நழுவாமல் மேயும். துடியான மீன், முரட்டுக் கூட்டத்துக்கு அஞ்சாது. நம் ஆற்று மீனை நம் தொட்டியில் வளர்ப்பதைவிடப் பொருத்தமான தேர்வு வேறில்லை. நீரோட்டமும் காற்றும் இரவுபகல் கிடைக்க வேண்டும், மேலே மூடியும் வேண்டும், துள்ளிக் குதித்துவிடும்.

தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை என்ன செய்வது? முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் திருவரங்கத்தில், ஆற்றில் விட்டுவிடலாம் என்ற நினைப்பு எளிதில் வரும். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் வழியாக அந்த மீன் வயல்களுக்கும் குளங்களுக்கும் போய்ச் சேரும். 1952இல் மண்டபம் என்ற கடலோர ஊருக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஜிலேபிக் கெண்டையாகத் தமிழகத்துக் குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. இப்போது டேங்க் கிளீனரும் தமிழகம், கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் எனப் பல மாநில நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. முட்டையிடக் கரையில் வளை தோண்டுகிறது, ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் பிழைக்கிறது. வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ மீனைக் கொடுத்துவிடுவதுதான் சரி. வலையில் சிக்கிய டேங்க் கிளீனரின் துடுப்பு முள்ளை எடுக்க, மீனவர்கள் வலைக்கண்களையே அறுக்க வேண்டியிருக்கிறது.