ராக்குக்கு எந்த வருஷம்? என் ஓட்டு 1971

ராக் இசையோட உச்சம் எந்த வருஷம்னு பேச்சு வந்தா, பலரும் யோசிக்காம 1967-னு சொல்லிடுவாங்க. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்த வருஷம். ஹென்ட்ரிக்ஸ், டோர்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் முதல் ஆல்பங்களும் அப்பதான். வலுவான கட்சிதான், மறுக்கலை. ஆனா விதைச்சது 67, அறுத்தது 71-ங்கிறது என் கட்சி.

பீட்டில்ஸ் 1970-லயே பிரிஞ்சாச்சு. அடுத்த ஏப்ரல்லயே ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', டோர்ஸின் 'எல்.ஏ. வுமன்'. ஆகஸ்ட்ல தி ஹூவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்'. பீட் டவுன்ஷெண்ட் 'லைஃப்ஹவுஸ்'னு பிரம்மாண்டமா திட்டம் போட்டு, அது கைகூடாம, மிஞ்சின பாட்டுகளை வச்சு செஞ்சது இது! நவம்பர்ல லெட் ஸெப்பலினோட நாலாவது ஆல்பம். அட்டையில குழுப் பேர்கூட கிடையாது. அதுல கடைசிப் பாட்டுக்கு ஜான் பான்ஹமோட டிரம்ஸை ஒரு பழைய வீட்டுக் கூடத்துல வச்சு, மாடிப்படியிலேருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு பண்ணினாங்க. ஹெட்ஃபோன்ல கேளுங்க, கூடமே அதிரும்.

அதே வருஷம் ஜூலை 3, பாரிஸ்ல ஜிம் மாரிசன் போய்ட்டார். வயசு 27. ஆகஸ்ட் 1, நியூயார்க்ல வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்தின கச்சேரி. சுருதி சேர்த்ததுக்கே ஜனங்க கைதட்டினது அங்கதான் :-)

67 கட்சிக்காரங்க ஹென்ட்ரிக்ஸை வச்சு மடக்கினா மட்டும் என்கிட்ட பதில் இல்லை. அவர்தான் 1970-லயே போய்ட்டாரே.