வாவியின் இரு கரை, இரு நேரம்: ஒரு நாள் முந்திய பிறந்த திகதிகளின் கதை



சில வருடங்களுக்கு முன் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். கணினியில் இருந்து அச்சிட்ட பட்டியல் அது. சில பிள்ளைகளின் பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழில் உள்ளதை விட ஒரு நாள் முந்தியிருந்தது. தட்டச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பிழை. அதற்குப் பின் பிறந்த எல்லோருக்கும் சரி.

அந்தத் திகதியில் என்ன நடந்தது என்று தேடிப் போனால், நம் ஊர் வரலாறு ஒன்று வந்து நின்றது.

1996இல் நாட்டில் கடும் வரட்சி. நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு நீண்டது. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று மே 25 அன்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னோக்கி வைத்தது. கிரீன்விச்சை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருந்த நாம் ஆறரைக்குப் போனோம். அக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னே வந்து ஆறில் நின்றோம். அந்த நேரம் பத்து வருடத்துக்குக் கிட்ட நீடித்தது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பினோம்.

1996இல் நாங்கள் சிறுபிள்ளைகள். விடிந்தும் விடியாத நேரத்தில் பாடசாலைக்கு வெளிக்கிட்டது ஞாபகம். லுஹருக்கான நேரம் பன்னிரண்டை ஒட்டி வந்து பழகிய ஊரில், திடீரென்று ஒரு மணியாகிவிட்டது. சூரியன் மாறவில்லை, மணிக்கூடுதான் மாறியது. பள்ளிவாசல் சுவரில் இருந்த தொழுகை நேர அட்டவணையை யாரும் கிழித்தெறியவில்லை. ஒரு மணித்தியாலம் கூட்டிப் பார்க்கவும் என்று கீழே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினார்கள். அக்டோபரில் அது அரை மணித்தியாலம் ஆனது. அட்டவணை அப்படியே இருந்தது, விதி மட்டும் மாறியது.

ஆனால் இந்த மாற்றத்தை எல்லோரும் ஏற்கவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. நமது வாவியின் படுவான்கரையில் பெரும்பகுதி அக்காலத்தில் அவர்கள் கையில். எழுவான்கரை அரசாங்கத்தின் கையில். ஆகவே வாவியைக் கடந்தால் மணியும் மாறியது, முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலம். ஒரு சந்திப்புக்கு நேரம் சொன்னால் பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்க வேண்டும். கேட்க மறந்தவர் காத்திருப்பார், அல்லது தவறவிடுவார். பிழை மணிக்கூட்டில் அல்ல. இருவர் ஒரே சொல்லை இரண்டு விதிகளால் வாசித்ததில்தான்.

பெயர்ப் பட்டியலில் நடந்ததும் இதேதான். பல மென்பொருள்கள் பிறந்த திகதியை வெறும் திகதியாக வைப்பதில்லை. அன்றைய நள்ளிரவு 12 மணி என்று எடுத்து, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கின்றன. 2006 பெப்ரவரி 1 பிறந்த பிள்ளையைப் பதியும்போது பிரவுசர் அன்றைய விதிப்படி ஆறு மணித்தியாலம் கழித்தது. சேமித்தது ஜனவரி 31, மாலை 6 மணி. அது சரி. ஆனால் பட்டியலை அச்சிட்ட மென்பொருளுக்கு இன்றைய ஐந்தரை மட்டுமே தெரியும். அதைக் கூட்டினால் ஜனவரி 31, இரவு 11.30. பிள்ளை ஒரு நாள் முன்பே பிறந்துவிட்டது!

பிரவுசருக்குப் பழைய விதி எப்படித் தெரிந்தது? உலக நேர வலயங்களுக்கென்று பொதுத் தரவுத்தளம் ஒன்று உண்டு. அதில் நமது நாடு 'ஆசியா/கொழும்பு' என்ற பெயரில் இருக்கிறது. 1996இன் இரு மாற்றங்களும் 2006இன் மாற்றமும் அதில் அழிக்கப்படாமல் இருக்கின்றன. குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்கள் ஐசியு என்ற நூலகம் வழியாக இத்தகைய விபரங்களைப் பெறுகின்றன. திகதி, நேரம், எண், எழுத்து ஆகியவற்றை ஒவ்வொரு மொழிக்கும் ஏற்பக் காட்டுவது அந்த நூலகத்தின் வேலை.

அந்த நூலகத்தையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பிலும் ஆபத்து உண்டு. 2022 அக்டோபரில் வந்த 72ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்தில் எண்ணுக்கும் 'பிஎம்' என்பதற்கும் இடையிலான சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, வரி முறியாத ஒடுங்கிய இடைவெளி வைக்கப்பட்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் திரையில் காட்டிய நேரத்தையே திரும்ப வாசித்துக் கணக்குப் பார்த்த இணையத்தளங்கள் 2023 தொடக்கத்தில் தடுமாறின. பிரவுசர் தயாரித்தவர்கள் புதிய நூலகத்தை வைத்துக்கொண்டே, அந்த ஓர் இடைவெளியை மட்டும் பழையபடி மாற்றிவிட்டார்கள். பள்ளிவாசல் சுவரில் ஒட்டிய துண்டுக் கடதாசி போலத்தான்.

எல்லோரும் சாய்ந்திருக்கும் ஒன்றை மாற்றுபவர், யார் யார் சத்தமில்லாமல் அதில் சாய்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். சிலரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பிழைத்தால் திரும்பி வர வழி வைக்க வேண்டும். பழைய விதியை அழிக்கக் கூடாது, ஏனென்றால் பழைய நாட்களை அதனால்தான் வாசிக்க முடியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 15 வரையான காலத்தில் பிறந்தவர்கள் இருந்தால், கணினியில் அச்சிட்டுத் தரும் எந்தப் பத்திரத்திலும் திகதியைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் முந்தியிருந்தால், அதற்கேற்ப மற்றப் பத்திரங்களை மாற்றப் போகாதீர்கள். சான்றிதழே சரி. தந்தவரிடம் காட்டித் திருத்திக் கேளுங்கள். அந்தப் பட்டியலை நாங்கள் கையால் ஒவ்வொன்றாகத் திருத்தித்தான் அனுப்பினோம். பிள்ளைகளின் விண்ணப்பம் அல்லவா!