கடைசி இழுப்பின் ருசி: வெற்றிலையிலிருந்து வேப் வரை

வேப் பிடிப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான் சொல்வார்கள். டேங்கை நிரப்பிய புதிதில் மாம்பழ வாசனை கமகமன்னு வரும். பாதி தீர்ந்ததும் மங்கும். அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் தொண்டையைக் கரிக்கும், கருகல் வாடை அடிக்கும். உள்ளே இருப்பது அதே திரவம்தானே, ஏன் ருசி மாறுகிறது? இந்தச் சின்னக் கேள்விக்காக நான் எடுத்த குறிப்புகள் நானூறு வருஷம் பின்னால் போய்விட்டன. ஏனென்றால் இது வேப்போடு பிறந்த சங்கதி இல்லை. வாயில் வைத்து ருசிக்கிற எதுவுமே முதலிலிருந்து முடிவு வரை ஒரே மாதிரி இருப்பதில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப நன்றாகத் தெரியும்.

சோழவந்தான்காரனாகிய நான் வெற்றிலையில்தான் ஆரம்பிக்க முடியும். அகத்தி மரத்தில் படரவிட்டு, கொடிக்காலில் வளர்த்து, கவுளி கணக்கில் விற்கும் எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையின் காரம் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலும் அதில் உண்டு. மெல்ல ஆரம்பித்ததும் காரம் ஏறும், பிறகு பாக்கின் துவர்ப்பு, கடைசியில் வெறும் சக்கை. தாம்பூலம் பற்றிய பழைய வைத்திய வழக்கு இந்த மாற்றத்தை வரிசையாகவே சொல்லி வைத்திருக்கிறது: முதலில் ஊறும் சாறு நஞ்சு, அடுத்தது பித்தம், மூன்றாவதுதான் அமுதம். இதில் மருத்துவ உண்மை எவ்வளவு என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: ஒரு வாய் வெற்றிலையை அவர்கள் ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. எதைத் துப்புவது, எதை விழுங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை நாக்கை வைத்து முடிவு செய்தார்கள்.

புகையிலை வந்தபோது இந்தக் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1604 வாக்கில் அசத் பேக் என்ற அதிகாரி பிஜாப்பூரிலிருந்து புகையிலையையும் ஒரு அலங்காரக் குழாயையும் அக்பரிடம் கொண்டுபோனார். அரண்மனை வைத்தியர் வேண்டாம் என்றார். அக்பர் சில இழுப்பு இழுத்துப் பார்த்தார், ஆனால் பழக்கமாக்கிக் கொள்ளவில்லை. மகன் ஜஹாங்கீர் 1617-இல் தடையே போட்டார். தடை என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கம் வாயில் போட்டு மெல்லுவதும் வந்தது, சுருட்டும் வந்தது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்கிறார்களே, அது நம்ம ‘சுருட்டு’தான். திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டுகள் கடல் தாண்டிப் பேர் வாங்கின. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சி சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார்.

சுருட்டுப் பிடித்த பெரியவர்களைக் கவனித்திருந்தால் தெரியும், கடைசி வரை யாரும் இழுக்கமாட்டார்கள். துண்டாக இருக்கும்போதே தூக்கி எறிந்துவிடுவார்கள். விரல் சுடும் என்பது மட்டும் காரணம் இல்லை. முதல் பாதி எரியும்போது வரும் புகை, இன்னும் எரியாத இலைகளின் வழியாகத்தான் வாய்க்கு வருகிறது. வருகிற வழியில் தாரும் நிகோடினும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இலைகளில் படிந்துகொண்டே இருக்கும். நெருப்பு அங்கே வந்து சேரும்போது, இலையின் சொந்தச் சரக்கோடு சேர்த்து, படிந்திருந்ததும் திரும்பக் கிளம்பும். வடிகட்ட மிச்ச இலையும் இல்லை, புகை ஆறுவதற்குத் தூரமும் இல்லை. அதனால்தான் கடைசி மூன்றில் ஒரு பங்கு கசக்கும், காட்டமாக இருக்கும். இழுக்க இழுக்கச் சுருட்டு நம்மிடம் ‘போதும், விடு’ என்று சொல்லிக்கொண்டே வருகிறது.

இந்த எச்சரிக்கையைத் தள்ளிப்போடுவதற்கு மனுஷன் கண்டுபிடித்த சாதனங்களின் கதைதான் அதற்கப்புறம் வந்த புகை வரலாறு என்பது என் கட்சி. ஹூக்கா புகையைத் தண்ணீருக்குள் விட்டுக் குளிரவைத்தது. அதற்கு மேற்காசியாவில் ‘நார்கிலே’ என்று ஒரு பெயர் உண்டு. தேங்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தேங்காய்ச் சிரட்டைதான் அதன் பழைய தண்ணீர்க் குடுவை. புகையிலையோடு வெல்லப்பாகு, தேன் எல்லாம் சேர்த்தார்கள். பக்கத்து வேடசந்தூர் வட்டாரத்து மெல்லும் புகையிலையையே எடுத்துக்கொள்ளுங்கள், பதப்படுத்துவதில் கருப்பட்டிக் கரைசலுக்கு ஓர் இடம் உண்டு. காட்டத்தை இனிப்பால் மூடும் வேலை எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது.

இந்த வரிசையில் கடைசியாக வந்ததுதான் வேப். புகையிலை இல்லாத, எரியாத சிகரெட்டுக்கு அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-இல் காப்புரிமை வாங்கினார், அது சந்தையில் எடுபடவில்லை. 2003-இல் சீன மருந்தாளர் ஹான் லிக் உருவாக்கியதுதான் இன்றைய மின் சிகரெட்டின் முன்னோடி. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருள், பெரும்பாலும் இனிப்பு. இவ்வளவுதான் திரவம். ஒரு திரி இதை உறிஞ்சுகிறது, சுற்றியுள்ள காயில் சூடாகி ஆவியாக்குகிறது.

திரி என்ற சொல் வந்ததும் விடை பாதி கிடைத்துவிட்டது, இல்லையா? வீட்டில் விளக்கேற்றுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம். எண்ணெய் இருக்கும்வரை திரி கருகாது, எண்ணெய்தான் எரியும். எண்ணெய் வற்றினால் திரியே கருகும், அறை முழுக்க வாடை வரும். வேப்பிலும் இதேதான். மட்டம் இறங்கி, திரிக்குத் திரவம் போகும் துளைகள் பாதி வெளியே தெரிய ஆரம்பித்ததும், காயில் கேட்கிற வேகத்துக்குத் திரி ஊறாது. ஆவியாகும் திரவம்தான் காயிலைக் குளிர்விக்கிறது. அது குறைந்தால் வெப்பம் எகிறும், மிச்சமிருப்பது கருகும்.

இன்னும் மூன்று காரணங்கள் கூடவே நடக்கின்றன. ஒன்று, இனிப்பு ஆவியாகிப் போவதில்லை. நிறைய அப்படியே காயிலில் படிந்து, பால் காய்ச்சின பாத்திரத்தின் அடி மாதிரி பிடித்துக்கொள்கிறது. டேங்க் தீரத் தீர அடி தடித்துக்கொண்டே போகும். இரண்டு, திரவம் இருந்த இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு நிகோடின் பழுப்பேறும், லேசான வாசனைகள் முதலில் பறந்துவிடும். மூன்றாவது காரணம் கருவியில் இல்லை, நம் மூக்கில் இருக்கிறது. ஒரே வாசனையைத் திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணப்பதில்லை என்று சொல்வோமே, அது.

சரி, கருகல் ருசி வெறும் ருசிதானா? இங்கேதான் விஷயம் கனக்கிறது. எண்ணெய்ச் சட்டியைப் புகையவிட்டால் கண்ணைக் கரிக்குமே, அதில் ஒரு பங்கு அக்ரோலின் என்ற பொருளுக்கு. கிளிசரினை அளவுக்கு மீறிச் சூடாக்கினாலும் அது வரும். 2015 ஜனவரியில் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: குறைந்த மின்னழுத்தத்தில் அகப்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள், 5 வோல்ட்டில் நிறைய வருகின்றன. அதே வருஷம் கிரேக்க ஆய்வாளர் ஃபர்சலினோஸ் குழு பதில் சொன்னது: அப்படிக் காய்ந்து கருகும் நிலையில்தான் அவ்வளவு வருகிறது, ருசி சகிக்காததால் அனுபவசாலிகள் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குக் கிடைப்பது ஒன்றுதான். சுருட்டு சொன்ன ‘போதும், விடு’ இங்கேயும் ஒலிக்கிறது. நாக்குதான் காவல்காரன்.

ஆனால் இந்தக் காவல்காரனை முழுசா நம்பவும் முடியாது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் ருசியாகத்தான் இருக்கும். அதே பொருளை வேலையிடத்தில் சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்ட விவகாரம் 2000-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வெளியே வந்தது. சில வேப் திரவங்களிலும் அந்தப் பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் வேப்பிங் நுரையீரல் பாதிப்பு பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனை கண்டார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் குற்றவாளி என்று அடையாளம் காணப்பட்டது வைட்டமின் ஈ அசிடேட். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவங்களில் கெட்டிப்படுத்தக் கலந்தது. நாக்கு அதைக் கண்டு எச்சரிக்கவில்லை. நம் தாம்பூலமும் விதிவிலக்கு இல்லை. அமுதம் என்ற மூன்றாவது சாற்றிலும் பாக்கு இருக்கிறது, அந்தப் பாக்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுக்காரணியாக வைத்திருக்கிறது.

ஆக, ருசி ஒருபக்கச் சாட்சி. ‘கெட்டுப்போச்சு’ என்று அது சொன்னால் நம்பலாம். ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னால் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

தமிழ்நாடு 2018 செப்டம்பரிலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019-இல் மத்தியச் சட்டம் வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை, முதல் தடவை மாட்டினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜஹாங்கீர் காலம் மாதிரியே சரக்கு மறைவாகக் கிடைக்கத்தான் செய்கிறது. அப்படி வருகிற டேங்கில் என்ன ஊற்றியிருக்கிறது என்று சோதிக்க ஆள் கிடையாது. பான் வாசனையில்கூட வேப் திரவம் தயாராகிறது. வெற்றிலையின் மணம் மட்டும் இருக்கும், துப்ப வேண்டிய சக்கை மட்டும் இருக்காது.

அதனால் வேப் வைத்திருக்கிற பையன் யாராவது ‘அண்ணே, கடைசில ருசி மாறுது, என்ன பண்ணலாம்?’ என்று கேட்டால் காயிலை மாற்று, வோல்ட்டைக் குறை என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. கருகல் அடிக்கும்போது அது சொல்வதைக் கேள், கமகமன்னு இருக்கும்போது அதைவிட உஷாராக இரு, முடிந்தால் கீழே வை என்பேன்.