நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியபோது, மேடையில் வெளுத்து வாங்கியவர்களில் ஒரு வெள்ளைக்காரரும் உண்டு. பெயர் ஏர்ட்லி நார்ட்டன். காங்கிரஸில் சேர்ந்ததற்காகத் தன்னை ராஜத்துரோகி என்கிறார்களா, அந்தப் பட்டம் தனக்குச் சம்மதமே என்ற ரீதியில் பேசி கைதட்டல் வாங்கினார். அப்பா ஜான் புரூஸ் நார்ட்டன் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். மகனோ குறுக்கு விசாரணையில் புலி. 1890இல் சுரேந்திரநாத் பானர்ஜியோடு இங்கிலாந்து போய் காங்கிரஸுக்காகப் பிரசாரமும் செய்தார்.

அந்த நார்ட்டன்தான் 1908இல், கல்கத்தாவில் வங்காளப் புரட்சியாளர்கள்மேல் போடப்பட்ட அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் சர்க்கார் தரப்பில் எழுந்து நின்றார். மாகாண வக்கீலின் கைக்குப் பேரரசின் பெரிய ராஜத்துரோக வழக்கு ஒன்று வந்துவிட்டது. ஃபீஸ், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று பேச்சு.

இருநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஆயிரக்கணக்கில் ஆவணங்கள். கைதிகள் கம்பிவலைக் கூண்டுக்குள். 1909 பிப்ரவரியில் அரசு வக்கீல் அசுதோஷ் பிஸ்வாஸ் அலிப்பூர் நீதிமன்றத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். நார்ட்டன் தன் வழக்குக் கட்டின்மேல் குண்டு நிரப்பிய ரிவால்வரை வைத்துக்கொண்டே வாதாடினார் என்பார்கள்.

அவர் குறி, கைதிகளில் ஒருவரான வங்காளத் தேசியத் தலைவர் அரவிந்த கோஷ் மேல். துருப்புச்சீட்டு ஒரு கடிதம்: நாடு முழுக்க 'இனிப்பு' தயாராக இருக்கட்டும் என்று தம்பி பாரீந்திரன் அண்ணனுக்கு எழுதியதாம். இனிப்பென்றால் குண்டு என்றது சர்க்கார். எதிர்த்தரப்பில் சித்தரஞ்சன் தாஸ் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. கூடப்பிறந்த அண்ணனுக்கு எழுதும் வங்காளித் தம்பி 'செஜ்தா' என்று விளிக்காமல், முழுப்பெயரில் கையெழுத்தும் போடுவானா? சூரர்தான் நார்ட்டன், ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஒரு வங்காளி வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கடிதத்தை நம்ப நீதிபதி பீச்கிராஃப்ட் தயங்கினார்.

1909 மே 6 அன்று அரவிந்தர் விடுதலையானார். பாரீந்திரனுக்கும் இன்னொரு கைதி உல்லாஸ்கர் தத்தாவுக்கும் தூக்கு. அப்பீலில் அது தீவாந்திர சிட்சையானது.

வக்கீலுக்கு யார் ஃபீஸ் கொடுத்தாலும் சரிதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாட்சியங்களுக்குள் இல்லாத கோர்வையை நார்ட்டனே கட்டினார் என்பது என் கணிப்பு. அரவிந்தரும் சிறை நினைவுகளில் அவரை நாடகாசிரியர் என்றே கிண்டலடித்தார்.

விடுதலையானவர் அடுத்த ஆண்டு கல்கத்தாவில் 'டூப்ளே' கப்பலேறி, பழவேற்காட்டையும் நார்ட்டன் பேர் வாங்கிய சென்னையையும் கடல்வழியே தாண்டி, 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் இறங்கினார்.