ஒரே நாணயம், பல கருவூலங்கள்: யூரோ வலயத்தின் வரலாறு

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்த இரண்டு கருவிகள் உள்ளன. நாணயத்தையும் வட்டி வீதத்தையும் நெறிப்படுத்துவது நாணயக் கொள்கை. வரி விதிப்பு, அரசுச் செலவு, அரசுக் கடன் ஆகியவை நிதிக் கொள்கை. தேசிய முறையில் இவ்விரண்டும் ஒரே நாட்டின் கையில் இருக்கும். யூரோ நாடுகளோ முதலாவதை ஐரோப்பிய மத்திய வங்கியிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாவதைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. யூரோ சந்தித்த சிக்கல்கள் பலவும் இந்தப் பிரிவினையிலிருந்து எழுந்தவை.

விதிகள்

1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பொது நாணயத்துக்கு அடித்தளம் இட்டது. உறுப்பு நாட்டின் ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டையும், அரசுக் கடன் 60 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என வரம்பு வகுக்கப்பட்டது. 1999இல் யூரோ நடைமுறைக்கு வந்தது. 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் பற்றாக்குறை வரம்பை மீறியிருந்தபோது, அவற்றின் மீதான நடவடிக்கையை ஒன்றியத்தின் நிதியமைச்சர்கள் நிறுத்திவைத்தனர். பெரிய நாடுகளுக்கு விதி வளையும் என்பது அன்றே தெரிந்தது.

இரண்டு நெருக்கடிகள்

2008இல் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் வீழ்ந்தன. அந்நாட்டுக்குச் சொந்த நாணயமான குரோனா இருந்தது. அதன் மதிப்பு சரிந்ததால் ஏற்றுமதியும் சுற்றுலாவும் பயன்பெற்றன. ஆனால் விலைவாசி உயர்ந்தது, வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கிய குடும்பங்கள் தவித்தன.

2001இல் யூரோவில் சேர்ந்த கிரீசுக்கு அந்த வழி இல்லை. 2009இல் அதன் உண்மையான பற்றாக்குறை வெளிப்பட்டதும் கடன் கிடைப்பது அரிதாயிற்று. 2010இல் யூரோ நாடுகளும் பன்னாட்டு நாணய நிதியமும் 110 பில்லியன் யூரோ கடனுதவி அறிவித்தன. அதற்கு ஈடாகச் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன, வரிகள் உயர்ந்தன. 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. 2015 சூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் கடன் நிபந்தனைகளை நிராகரித்தனர். இருந்தும் சில நாட்களிலேயே அரசு புதிய நிபந்தனைகளை ஏற்க நேர்ந்தது.

பிந்தைய மாற்றம்

கொரோனா பெருந்தொற்றின்போது, 2020இல், 750 பில்லியன் யூரோ வரை ஒன்றியத்தின் பெயரிலேயே கடன் திரட்ட உறுப்பு நாடுகள் இசைந்தன. அதில் ஒரு பகுதி திருப்பிச் செலுத்தத் தேவையற்ற மானியம். இது பொது நிதிக் கொள்கையை நோக்கிய பெரிய அடி. ஆயினும் ஒன்றியத்தின் வழக்கமான வரவுசெலவுத் திட்டம் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. வரி விதிக்கும் உரிமை இன்றும் தேசிய நாடாளுமன்றங்களிடமே உள்ளது. தனி நாணயம் கொண்ட நாடு நெருக்கடியின் சுமையைத் தன் மக்களிடையே பகிர்கிறது. பொது நாணயத்தில் அச்சுமையை எந்த நாட்டு மக்கள் ஏற்பது என்பதே தீராத கேள்வி.